வெயில் பக்கம்

தொண்ணூறுகளில் ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் வழியாகக் கிருஷ்ணன்கோவில் போகும் காலைப் பஸ்ஸில், நிழல் பக்கத்து ஜன்னலோரத்தில்தான் அவர் உட்காருவார். ஒல்லியான ஆள். அங்கிருந்த கல்லூரியில் புற்றுநோய் மருந்து பற்றி ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். மடியில் கருப்புத்தாள் சுற்றிய குப்பி இருக்கும். வெளிச்சம் பட்டால்தான் அந்த மருந்து வேலை செய்யுமாம்.

“செல்லுக்குள்ள அது எங்க போய் உக்காருதோ, அந்த எடந்தான் வேகும். சக்தி குடுக்கிற எடத்துல உக்காந்தா செல் தானாச் செத்துப்போகும். செல்லோட தோல்ல உக்காந்தா கிழிஞ்சுபோகும்” என்றார்.

“எங்க அக்காவுக்கு வாயில புத்து, சார்” என்றேன்.

“திங்கக்கெழம கூட்டிட்டு வாங்க. எங்க சார்ட்ட சொல்லி நானே ஏற்பாடு பண்ணுதேன்.”

திங்கட்கிழமை அக்கா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு என்னோடு பஸ் ஏறினாள். அவருடைய இடத்தில் வேறு யாரோ இருந்தார்கள். அவர் வெயில் பக்கம் மாறி உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்ததும் ஜன்னலுக்கு வெளியே முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“ஏலே, அவிய வரலையா?” என்றாள் அக்கா.

“இல்லக்கா” என்றேன்.

முகம் முழுக்க வெயில் அடித்தும் அவர் ஷட்டரை இறக்கவில்லை. அந்த வெயில் அவருக்குள் எந்த இடத்தில் சுட்டது, உண்மையில் சுட்டதா என்பதே எனக்கு இன்றுவரை தெரியாது.