மெல்ல விடுங்க, சார்

காரில் ஏறியதும் மாஸ்டரம்மா செருப்பைக் கழற்றி இருக்கைக்கு அடியில் தள்ளிவிடுவார். ஓட்டக் கற்றுக்கொடுப்பவருக்கென்று பக்கத்து இருக்கையின் கீழே தனியாக ஒரு பிரேக் உண்டு. அதன்மேல் வெறுங்காலைத்தான் வைப்பார். "செருப்புப் போட்டா காலுக்குக் காது கேக்காது" என்பது அவர் கட்சி. பிறகு தன் பக்கத்துச் சின்னக் கண்ணாடியைத் திருப்பி, பின்னிருக்கையில் வீட்டுப்பாடம் எழுதும் பதினோரு வயது மகளை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "எடுங்க சார்" என்பார்.

ஐம்பத்து மூன்று வயதில் கார் ஓட்ட ஆசைப்பட்ட மருந்துக்கடைக்காரன் நான். ஆசை யாரை விட்டது? மாஸ்டரம்மாவுக்கு இது பதினெட்டாவது வருடம். எதிரே வரும் வண்டியில் பழைய மாணவர் முகம் தெரிந்தால், "நம்ம கை" என்று சொல்லிக்கொள்வார். ஒருநாள் நெரிசலைக் கிழித்துக்கொண்டு போன ஆம்புலன்சைப் பார்த்து அப்படிச் சொன்னார். அன்று மாலை வரை அவரைக் கையில் பிடிக்க முடியவில்லை. என்னைப் பற்றி இன்னும் யாரிடமும் அப்படிச் சொன்னதாகத் தகவல் இல்லை.

நாள் முழுக்க அவர் வாயில் புரளும் சொல் 'விடுங்க'. "கிளட்ச்சை மெல்ல விடுங்க சார். தூங்குற புள்ளையக் கட்டில்ல விடுற மாதிரி." நான் அரிசி மூட்டையை இறக்குவதுபோல விடுவேன். வண்டி ஒரு துள்ளு துள்ளி அணைந்துவிடும்.

வீட்டில் இவரும் மகளும் மட்டும்தான். அந்த மகளுக்கு, நாலு மணி நேரத் தொலைவில், தங்கிப் படிக்கும் பள்ளி ஒன்றில் இடம் கிடைத்தது. தேர்வு எழுதியவர்கள் இரண்டாயிரம் பேர், இடம் நாற்பது, இவள் ஏழாவது. அந்தக் கடிதத்தை மாஸ்டரம்மா வண்டிக் காகிதங்களோடு சேர்த்து டாஷ்போர்டில் வைத்திருந்தார். ஒருநாள் போலீஸ்காரர் நிறுத்திக் காகிதம் கேட்டபோது, இவர் எடுத்து நீட்டியது அதைத்தான். அவரும் நின்று நிதானமாகப் படித்துவிட்டு, பாப்பா நல்லா வரட்டும் என்று வாழ்த்தி அனுப்பினார். கை தவறி எடுத்துவிட்டாராம். நான் நம்பவில்லை.

எல்லாருக்கும் சந்தோஷம், போக வேண்டியவளைத் தவிர. வெள்ளிக்கிழமைக்குள் சம்மதம் எழுதிக் கொடுக்காவிட்டால் இடம் அடுத்த பிள்ளைக்குப் போய்விடும். அந்த வாரம் முழுக்க நான் ஸ்டியரிங்கோடு மல்லுக்கட்ட, என் காதோரம் பிரசாரம் நடந்தது. மூன்று மாடி நூலகமாம். நீச்சல் குளமாம். உன் வயதுப் பிள்ளைகளோடு ஒரே அறையில் இருக்கலாமாம். தொலைநோக்கியில் நட்சத்திரம் காட்டுவார்களாம். "இங்கயும் நட்சத்திரம் தெரியுது" என்று பின்னாலிருந்து பதில் வந்தது. நோட்டிலிருந்து தலைகூட நிமிரவில்லை.

வியாழக்கிழமை, பாலத்து ஏற்றத்தில் சிவப்பு விளக்குக்கு நின்றோம். அப்போதுதான் அவள் பேனாவை மூடினாள்.

"விடுதின்னா விட்டுட்டுப் போறதுதானேம்மா? பேர்லயே இருக்கு."

எவ்வளவு பெரிய லாரிக்கும் சளைக்காமல் வாய் கொடுக்கும் மாஸ்டரம்மா, தன் சின்னக் கண்ணாடியைத் திருப்பி அவள் முகத்தைத் தேடினார். பச்சை விழுந்தது. பதற்றத்தில் கிளட்ச்சைப் படக்கென்று விட்டேன். வண்டி நடு ஏற்றத்தில் செத்தது. பின்னால் இருந்தவர்கள் ஹாரனாலேயே என்னைத் திட்டினார்கள். மாஸ்டரம்மா தன் பிரேக்கை அழுத்திப் பிடித்தபடி, என்னைக் கவனிக்காமல், உடம்போடு பின்னால் திரும்பினார்.

"பாத்தியா, சார் படக்குனு விட்டார், நின்னுபோச்சு. விடவே இல்லன்னாலும் இங்கயேதான் உறுமிக்கிட்டு நிக்கணும். நான் உன்னப் படக்குனு விடமாட்டேன்டி. முதல் மாசம் வாராவாரம் வருவேன். அப்புறம் மாசம் ரெண்டு தடவை. அப்புறம் நீயே வரவேணாம்ப."

"பிடிக்கலன்னா?"

"ஒரு போன் போடு. வந்து கூட்டிட்டு வந்துடுவேன். ஏன்னு ஒரு வார்த்தை கேக்கமாட்டேன்."

நான் மறுபடி சாவியைத் திருப்பினேன். இந்தத் தடவை எப்படியோ மெல்ல விட்டிருக்கிறேன். வண்டி முனகாமல் ஏறியது. பாலம் இறங்கினோம். பிறகு, "விடுமுறைலயும் விடு இருக்குல்லம்மா" என்றாள். மாஸ்டரம்மா இருக்கு என்று தலையை மட்டும் ஆட்டினார். வண்டியை ஓரம் கட்டச் சொல்லி, பானெட் மேலேயே சம்மதத் தாளை விரித்துக் கையெழுத்துப் போட்டார்கள், இரண்டு பேரும். மகள் கையெழுத்துப் போட அதில் இடமே கிடையாது. ஆனாலும் போட்டாள்.

பள்ளி திறக்கும் வாரம் எனக்கு மூன்றாவது முயற்சியில் லைசென்ஸ் கிடைத்தது. தூரம் ஓட்டிப் பழக வேண்டாமா என்று சொல்லி மாஸ்டரம்மா என்னையே ஓட்டச் சொன்னார். நாலு மணி நேரமும் ஒரு தடவைகூட என்னைத் திட்டவில்லை. எனக்கே சங்கடமாக இருந்தது.

விடுதி வாசல் தாண்டிப் பெற்றோர் போகக் கூடாது. அவள் சக்கரப் பெட்டியை இழுத்துக்கொண்டு, எதிரே வந்த இன்னொரு சிறுமியிடம் வழி கேட்டு, அவளோடு பேசிக்கொண்டே மாடிப்படி ஏறிப்போனாள்.

"திரும்பியே பாக்கல சார். பாத்தீங்களா?" என்றார் மாஸ்டரம்மா. இருபது வண்டிகளை முந்தின பெருமை அந்தக் குரலில் இருந்தது.

காரில் ஏறி உட்கார்ந்தோம். சாவியைத் திருப்பப் போனேன். அவர் என்னைப் பார்க்காமல், மாடி ஜன்னல்களைப் பார்த்தபடி சொன்னார்:

"வண்டி கோணலா நிக்குது சார். வெளிய எடுத்துத் திரும்ப நிறுத்துங்க."

வண்டி கோட்டுக்குள் ஆணி அடித்தாற்போல நேராகத்தான் நின்றது. நான் வெளியே எடுத்து, மறுபடி உள்ளே நிறுத்தினேன்.

"இன்னொரு தடவை" என்றார்.