ஸ்ரான்லி அண்ணனின் கொம்பிரசர்

எங்கள் வளவில் இரண்டு வீடு, ஒரு கிணறு, கொஞ்சம் தென்னை, ஒரு கார். இதில் வீடும் கிணறும் தென்னையும் எங்கள் மனைவிமாருடையவை. கல்முனைப் பக்கத்தில் ஆண்பிள்ளைக்குக் கலியாணம் என்றால் உடுப்புப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண் வீட்டுக்குப் போவதுதான். கார் மட்டும் ஸ்ரான்லி அண்ணன் தன் உழைப்பில் வாங்கியது. அது நிற்கிற மாமர நிழலில்தான் அவர் கொஞ்சம் அதிகாரமாகக் கதைப்பார். எனக்கு அந்த வசதியும் இல்லை. நான் என் மோட்டார் சைக்கிளை மதிலோடு சாத்தி வைத்துவிட்டுப் பேசாமல் உள்ளே போய்விடுவேன்.

அவர் மூத்தவளான றஞ்சிதமலர் அக்காவைக் கட்டியவர். நான் இளையவளைக் கட்டியவன். முறைக்குச் சகலன், கூப்பிடுவது அண்ணன் என்று. அரிசி ஆலை ஒன்றில் லொறி ஓட்டிக்கொண்டிருந்தேன். ஆலை மூடியதிலிருந்து வீட்டில் இருக்கிறேன். வீட்டில் இருக்கிற மருமகனைப் பற்றி அதிகம் விளக்கத் தேவையில்லை.

நான் கலியாணம் கட்டி வந்த புதிதில், இந்தக் குடும்பம் முழுக்கச் சண்டைக்காரர் என்றே நினைத்தேன். தேத்தண்ணி வேணுமா என்பதைக்கூட அடுத்த ஒழுங்கைக்குக் கேட்கிற மாதிரித்தான் கேட்டார்கள். கொஞ்ச நாள் போன பிறகுதான் ஸ்ரான்லி அண்ணனுக்குக் காது மந்தம் என்று விளங்கியது. அதை அவரிடம் ஒருவரும் சொன்னதில்லை. வீட்டுக்கு வந்த மருமகனின் முகத்துக்கு நேரே குறை சொல்லக்கூடாது என்பது மாமனார் காலத்துச் சட்டம். அதனால் அவருக்குக் காது குறையக் குறைய இவர்கள் தொண்டையைக் கூட்டிக்கொண்டே வந்திருக்கிறார்கள். அவரோ, இந்தக் காலத்தில் சனத்துக்கு வாய் கூடிப்போச்சு என்று என்னிடம் குறைப்படுவார். நானும் ஓம் என்று உரக்கச் சொல்வேன்.

கடற்கரைப் பக்கமிருந்த ஐஸ் தொழிற்சாலை ஒன்றில் அவர் கனகாலம் மெசின் பார்த்தவர். அங்கேயிருந்த கொம்பிரசர் ஒவ்வொன்றும் ஒரு எருமையளவு இருக்கும். பக்கத்தில் நின்று கதைக்க முடியாது, கைச்சாடைதான். கொம்பிரசருக்கு என்ன வருத்தம், எங்கே பழுது என்று காதால் பிடிப்பதில் ஸ்ரான்லியை விட்டால் ஆளில்லை என்று தோணிக்காரர்கள்கூடச் சொல்வார்களாம். அந்தப் பெயரை அவர் பத்திரமாக வைத்திருந்தார். காதைத்தான் அங்கேயே விட்டுவிட்டு வந்தார்.

ஐஸ் வேலையை விட்ட பிறகு வாங்கியதுதான் இந்தக் கார். பள்ளிக்கூட நாட்களில் இரண்டு ரீச்சர்மாரை ஏற்றிப் போவார். சிபானா ரீச்சர் அக்கரைப்பற்றில் இறங்குவார், கஜனி ரீச்சர் தம்பிலுவில் வரை. அந்த ஹயர் ஓட்டம்தான் அவருக்கு நாள், கிழமை, மரியாதை எல்லாம். காலையில் காரைத் துடைத்து, சேர்ட்டை உள்ளே விட்டு, கங்காணி மாதிரிப் புறப்படுவார்.

கொஞ்ச காலமாகக் காரின் முன்பக்கத்தில் ஒரு சத்தம். ஏசி போடாவிட்டாலும் கறகறவென்று கிடக்கும். போட்டால் அம்மிக்குள் சல்லி அகப்பட்ட மாதிரி. கார் ஒழுங்கைக்குள் திரும்பும்போதே எங்கள் பூனை கூரைக்கு ஏறிவிடும். வளவில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. சட்டம் சட்டம்தானே.

போன வெள்ளிக்கிழமை பள்ளி விட்டு வரும்போது, நிந்தவூரிலிருந்து ஒரு பஸ் பின்னால் ஹோன் அடித்துக்கொண்டே வந்திருக்கிறது. அண்ணன் நடு றோட்டை விடவில்லை. காரைதீவுச் சந்தியில் பஸ் உரசிக்கொண்டு முந்தியதில் பக்கக் கண்ணாடி மடங்கிவிட்டது. சிபானா ரீச்சர் உயிர் போகப்போகிறது என்று கலிமாவே சொல்லிவிட்டாராம். இறங்கும்போது கஜனி ரீச்சர் மிகவும் மரியாதையாக, இந்த ஏசிக் கொம்பிரசர் சத்தத்தில்தான் உங்களுக்கு ஹோன் கேட்கவில்லை, திங்கட்கிழமைக்குள் திருத்தாவிட்டால் நாங்கள் வேறு வாகனம் பார்க்க வேண்டியிருக்கும் என்று சொல்லியிருக்கிறார்.

அண்ணனுக்குக் கோபம். இல்லாத சத்தத்தை இருக்கிறது என்று சொல்லித் தன்னைக் கழற்றிவிடப் பார்க்கிறார்கள் என்பது அவருடைய கட்சி. சனிக்கிழமை காலையில் பொனற்றைத் திறந்து, என்ஜினை ஓடவிட்டு, என்னைச் சாட்சிக்குக் கூப்பிட்டார்.

“தம்பி, இஞ்ச வா. இந்தக் காரில சத்தம் இரிக்கா?”

அவருக்குப் பின்னால் றஞ்சிதமலர் அக்கா நின்று, இல்லையென்று சொல் என எனக்குத் தலையை ஆட்டினார். வாசல் கூட்டிக்கொண்டிருந்த என் மனைவியும் தும்புத்தடியோடு நின்று தலையாட்டினாள். நான் யோசித்தேன். அந்தச் சட்டம் வீட்டாருக்குத்தான். நானும் பெட்டியோடு வந்த மருமகன்தானே, என்னை அது கட்டாது. அதோடு அந்தப் பஸ் எனக்குப் பயத்தைத் தந்திருந்தது.

“இரிக்கி அண்ணன். வளவு முழுக்கக் கேக்குது.”

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு நீட்டு ஸ்குறூட்றைவர் ஒன்றை எடுத்து, நுனியைக் கொம்பிரசரில் ஊன்றி, பிடியைக் காதோரத்து எலும்பில் வைத்து அழுத்தினார். ஐஸ் தொழிற்சாலையில் மெசினின் வருத்தம் பார்ப்பது இப்படித்தானாம். கொஞ்ச நேரம் கண்ணை மூடியிருந்தார்.

“பெயாரிங்,” என்றார். “கனநாளாப் போயிரிக்கி.”

பிடியைக் காதிலிருந்து எடுத்தார். திரும்ப வைத்தார். திரும்ப எடுத்தார். வைக்கும்போது அவருக்குச் சத்தம் இருந்தது, எடுத்தால் இல்லை. இரண்டாவது தரத்துக்குப் பிறகு அவர் பார்த்தது கொம்பிரசரின் வருத்தத்தை அல்ல என்று எனக்கு விளங்கியது. அந்த மனிதனைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது. அவர் என்ஜினை நிறுத்திவிட்டுச் சாரத்தை மடித்துக் கட்டினார்.

கராஜுக்குப் போவோமா என்று கேட்டேன். கொம்பிரசருக்கு வருத்தம் என்று ஸ்ரான்லி கராஜுக்குப் போனால் ஊர் சிரிக்கும் என்றார். காஸ் குழாயில் மட்டும் கை வைத்துவிடாதே, மற்றது எல்லாம் வீட்டு வேலைதான் என்றும் சொன்னார். பற்றரி வயரைக் கழற்றி, பெல்ட்டைத் தளர்த்தி, கொம்பிரசரின் முகத்திலிருந்த தட்டைக் கழற்றி, கப்பியைப் பிடுங்கி எடுத்தார். கப்பிக்குள் இருந்த பெயாரிங் உப்புக்காற்றில் துருவேறி, கையால் சுற்றினாலே பல்லைக் கூச வைத்தது. அதைச் சாப்பாட்டுப் பையில் போட்டுக்கொண்டு நான் கல்முனை ரவுணுக்குப் போய் அதே அளவில் புதியது வாங்கி வந்தேன்.

என் உதவி அதோடு நின்றிருக்கலாம். தட்டுக்கு அடியில் போடுகிற ஒரு மெல்லிய வளையத்தைக் காணவில்லை. அது இல்லாவிட்டால் இடைவெளி பிழைக்கும், ஏசி பிடிக்காது. மணலை அரித்தோம், மாமரத்தடியைக் கூட்டினோம், என் மனைவி பூனையைக்கூடச் சந்தேகப்பட்டாள். கடைசியில் நான் எழும்பியபோது அது கிறீஸோடு என் சாரத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. அண்ணன் அதைக் கிள்ளி எடுத்துத் துடைத்துப் போட்டார். ஒரு வார்த்தை பேசவில்லை. சட்டத்தை அவரும் மதிக்கிறவர்தான்.

பின்னேரம் பள்ளிவாசலில் அஸர் பாங்கு சொல்லும் நேரத்தில் எல்லாம் பூட்டி முடிந்தது. என்ஜினை ஓடவிட்டு ஏசியைப் போட்டார். டக் என்று பிடித்தது. அதன் பிறகு சத்தமே இல்லை. பூனை கூரையிலிருந்து இறங்கி வந்தது. குசினியிலிருந்து றஞ்சிதமலர் அக்கா வெளியே வந்து, கையைத் துடைத்துக்கொண்டு, எவ்வளவு நிம்மதி என்று சாதாரணக் குரலில் சொன்னார். அண்ணன் அவருடைய வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இப்ப சத்தம் இல்லையா?” என்று கேட்டார்.

“இல்ல, இல்ல,” என்று அக்கா பழையபடி உரக்கச் சொன்னார்.

“எனக்கு முந்தியும் இப்பிடித்தான் இருந்திச்சு.”

  அண்ணன் கை கழுவினார், சேர்ட்டைப் போட்டார், காருக்குள் ஏறிக் கண்ணாடிகளை எல்லாம் உயர்த்தினார். கடைசிக் கண்ணாடியை உயர்த்துமுன் என்னைக் கூப்பிட்டு, மோட்டார் சைக்கிளை ஒழுங்கைக்குள் கொஞ்சத் தூரம் கொண்டுபோய், காருக்குப் பின்பக்கமாக நின்று ஹோன் அடிக்கச் சொன்னார். 

போய் அடித்தேன். விடாமல் அழுத்தி அடித்தேன். காகங்கள் கிளம்பின. முன்வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, உனக்கென்ன விசரா என்றார். வளவு வாசலால் காரின் பின்கண்ணாடி தெரிந்தது, அதற்குள் அண்ணனின் தலை அசையாமல் நேரே பார்த்துக்கொண்டிருந்தது. கேட்டிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு திரும்பி வந்தேன்.

அவர் கண்ணாடியை இறக்கினார்.

“என்ன, ஹோன் வேலை செய்யல்லையா?”

பொய் சொல்லியிருக்கலாம். ஓம், பழுது என்று சொல்லியிருந்தால் அவர் இறங்கி வந்து அந்த ஹோனையும் திருத்தியிருப்பார். திங்கட்கிழமை ரீச்சர்மார் சத்தமில்லாத காரில் சந்தோஷமாக ஏறியிருப்பார்கள்.

“அடிச்சன் அண்ணன்,” என்றேன். “கனநேரம் அடிச்சன்.”

அவர் என்ஜினை நிறுத்தினார். அக்கா ஓடி வந்து கதவைப் பிடித்துக்கொண்டு, காரில் இப்போது ஒரு பிழையும் இல்லை, திங்கட்கிழமை வழமை போலப் போங்கள் என்று ஒழுங்கை முழுக்கக் கேட்கச் சொன்னார். அவருடைய கண் கலங்கியிருந்தது. அந்தக் காரும் இல்லாவிட்டால் மாமர நிழலில் அண்ணனுக்கு என்ன இருக்கும் என்பது எங்களை விட அக்காவுக்குத்தான் தெரியும்.

அண்ணன் தன் மனைவியை நிமிர்ந்து பார்த்தார்.

“இவ்வளவு காலமும் நீங்க எல்லாரும் கத்தினது எனக்காகத்தானா?”

அக்கா ஓமென்று தலையை ஆட்டினார். அண்ணன் காரிலிருந்து இறங்கி, கிறீஸ் ஒட்டியிருந்த சாவியைத் தன் வெள்ளைச் சேர்ட்டில் துடைத்தார்.  சாவியை என் கையில் வைத்து விரல்களை மடித்துவிட்டார்.

“திங்கக்கிழமையில இருந்து நீ ஓடு,” என்றார். “ரீச்சர்மாருக்குச் சொல்லு, எனக்கு ஹோன் கேக்காதது கொம்பிரசரால இல்லையெண்டு.”