நைனாவுக்குக் கண் வரைந்தது

வெள்ளைக்காரன் காலத்தில் மெட்ராஸ் ஸ்டூடியோ ஒன்றில் படம் பதியும் கண்ணாடித் தட்டு கழுவிக்கொண்டிருந்த என் தாத்தா, ஒரு பழைய மரக் கேமராவோடு உத்திரமேரூருக்கு வந்து கடை போட்டார். அவருக்குப் பின் என் அப்பா. நாங்கள் நைனா என்போம். அவருக்குப் பின் நான். மூன்றாம் வகுப்பிலேயே மூன்று வருஷம் உட்கார்ந்து, வாத்தியார்மேல் இரக்கப்பட்டு நின்றுவிட்டவன்.

கல்யாணத்தைவிட எங்களைச் சாவுக்குத்தான் அதிகம் கூப்பிட்டார்கள். உயிரோடு இருந்தவரை படமே எடுக்காதவர்களை நாற்காலியில் உட்காரவைத்து நைனா எடுப்பார். பிரிண்டில் மூடிய கண்ணைத் திறப்பது என் வேலை. சின்ன பிரஷ், கறுப்பு மை. கையெழுத்தே கோணலாகப் போடுகிறவன் நான். ஆனால் புள்ளலூரிலிருந்து காவாந்தண்டலம்வரை நான் கண் திறந்தவர்கள் சுவரில் முழித்துக்கொண்டிருக்கிறார்கள்.

தொண்ணூறுகளின் கடைசியில் நைனா போனார். தேடினால் அவருக்கு ஒரு படம்கூட இல்லை.

"காரியத்துக்குப் படம் வெக்கணும்டா. மொகம் மறந்துடும்" என்றாள் அம்மா.

நாற்காலியில் உட்காரவைத்தோம். பின்னாலிருந்து மாமா தலையைப் பிடித்துக்கொண்டார். நான் கேமராவில் கண்ணை வைத்து, பழக்கதோஷத்தில், "கொஞ்சம் சிரிங்க" என்றேன்.

"டேய், யாராண்டடா சொல்றே?" என்றார் மாமா.

"உன்னாண்டதான் மாமா. நீயும் படத்துல வந்துக்கினு கீறே, நவுரு."

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. பட்டனை அழுத்தினேன்.

பிரிண்ட் போட்டு பிரஷை எடுத்தபோது கை நின்றது. நைனாவின் கண் எப்படி இருக்கும்? எனக்கு ஞாபகம் வந்ததெல்லாம் ஒரு கண்ணை மூடி, இன்னொன்றைக் கேமராவுக்குள் விட்ட முகம்தான். கடையில் தலை வாரும் கண்ணாடி முன்னால் நின்று, என் கண்ணைப் பார்த்து வரைந்தேன். மகன்தானே, ஜாடை இருக்காதா!

அம்மா படத்தை வாங்கி வெகுநேரம் பார்த்தாள்.

"இன்னாடா பண்ணி வெச்சிகீறே? இது உன் கண்ணு."

"அவரு கண்ணு எப்டிமா இருக்கும்? சொல்லு, மாத்திடறேன்."

"கொஞ்சம் சின்னதா..."

"எவ்ளோ சின்னதா?"

அம்மா யோசித்தாள். முந்தானையால் படத்தைத் துடைத்தாள். மறுபடி யோசித்தாள்.

"தெர்லடா" என்றாள். "மாட்டு. ஜனம் வந்துடும்."

மாட்டினேன். மாலை போட்டோம். வந்தவர்கள் எல்லாரும் படத்தைப் பார்த்து, "அப்டியே அவுருதான்" என்றார்கள். அம்மாவும் ஆமாம் என்று தலையாட்டிக்கொண்டிருந்தாள்.