நான்கு நாள் மாத்திரை

பெரியவர்களுக்கு நீச்சல் சொல்லிக்கொடுப்பது அவள் வேலை. கண்ணாடிக் கூரை போட்ட பொதுக் குளத்தில் பதினாறு வருஷமாக இருக்கிறாள். தண்ணீரைக் கண்டாலே வெலவெலத்துப்போகிற ஐம்பது வயதுக் கணக்கரைக்கூட மல்லாக்க மிதக்க வைத்தவள். குளத்தில் எல்லோருக்கும் அவள் டால்பின் மிஸ்.

ஒன்பது வருஷத்துக்கு முன் ஈரப்படியில் வழுக்கி விழுந்தாள். முதுகெலும்பில் ஒரு டிஸ்க் பிதுங்கி நரம்பை அழுத்தியது. அறுவை சிகிச்சைக்குப் பிறகும் இடுப்பிலிருந்து இடது கால் கட்டைவிரல்வரை ஒரு வலி குடியேறிவிட்டது. காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று வெள்ளை மாத்திரை. அது வலியைப் போக்காது; பக்கத்து அறைக்கு அனுப்பிவைக்கும், அவ்வளவுதான். அங்கே அது முனகிக்கொண்டு கிடக்க, இவள் சமைப்பாள், சிரிப்பாள், வேலைக்குப் போவாள்.

கட்டுப்பாடுள்ள மருந்து என்பதால் மாதாமாதம் டாக்டரின் புதுச் சீட்டு வேண்டும். பழைய டாக்டருக்குப் போனில் ஒரு வார்த்தை சொன்னால் போதும், மருந்துக்கடைக்குச் சீட்டு போய்விடும். அவர் ஓய்வுபெற்றுப் போக, புது டாக்டர் வந்தார். ஆளை நேரில் பார்க்காமல் எழுதமாட்டாராம். அவரைப் பார்க்க நேரம் மூன்று வாரம் கழித்துத்தான் கிடைத்தது. டப்பாவில் இருந்ததோ நான்கு நாள் மாத்திரை.

டாக்டரின் அலுவலகத்துக்குப் போன் செய்தாள். வரிசையில் ஏழாவது என்றது இயந்திரக் குரல். நாற்பது நிமிடம் இசை கேட்டபின் வரவேற்பாளர் எடுத்தாள். மருந்துக்கடையில் கேட்கச் சொன்னாள். மருந்துக்கடைக்காரர் டாக்டரைக் கேட்கச் சொன்னார். மறுபடி அழைத்தால் வரிசையில் ஒன்பதாவது.

மறுநாள் வரவேற்பாளர் குரலைத் தாழ்த்தி, "அந்த மாத்திரை இல்லாம உங்களால இருக்கவே முடியாதா?" என்று கேட்டாள். கேட்ட தோரணையில் டால்பின் மிஸ்ஸுக்கு உடம்பெல்லாம் கூசிப்போயிற்று. ஏதோ திருடப் போய்க் கையும் களவுமாகப் பிடிபட்டவள்போல, போனை வைத்துவிட்டாள்.

முதல் நாளிலிருந்தே மாத்திரையைப் பாதியாக உடைத்துப் போட்டுக்கொண்டாள். நான்கு நாள் எட்டு நாளாயிற்று. ஆனால் அந்த எட்டு நாளும் நாளாக இல்லை. தூக்கமும் விழிப்பும் ஒன்றுக்குள் ஒன்று கரைந்தன. அடுப்பில் பால் பொங்குவதைப் பார்த்துக்கொண்டே நிற்பாள். கை மட்டும் நகராது. பேருந்து ஓட்டுநரான கணவன் பேசுவது, தூரத்து ஜன்னலிலிருந்து யாரோ யாரையோ கூப்பிடுவதுபோல வரும். லீவு போடச் சொல்லிக் கெஞ்சினான். அவள் கேட்கவில்லை. தண்ணீரில் மட்டும்தான் உடம்பு கொஞ்சம் இளகியது.

வகுப்புக்கு ஒரு மணி நேரம் முன்பே போய் மிதப்பாள். காது இரண்டும் தண்ணீருக்குள். கூரைக் கண்ணாடியில் மேகம் ஊர்ந்தது. அதன் நிழல் குளத்தின் அடியில் நீல ஓடுகள்மேல் ஊர்ந்தது. நடுவில் எங்கேயோ அவள். வலி அவளை விட்டுக் கழன்று, ஒரு நீண்ட பாசிக்கொடிபோலப் பக்கத்தில் அசைந்துகொண்டிருப்பதாகத் தோன்றும். கரையேறியதும் திரும்ப வந்து ஒட்டிக்கொள்ளும்.

ஒன்பதாம் நாள் டப்பா காலி. காலையில் படியிறங்கும்போது கால் மடங்கியது. வியர்த்துக் கொட்டியது. கணவன் வேலைக்குப் போகாமல் அவளைக் கைத்தாங்கலாக டாக்டரின் அலுவலகத்துக்கு அழைத்துப்போனான்.

காத்திருப்பு அறையில் பச்சை நாற்காலிகள், ஒரு மீன்தொட்டி. அவளால் உட்கார முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. வெட்கத்தை விட்டுத் தரையில் மல்லாந்து படுத்துவிட்டாள். குளிர்ந்த தரை. மீன்தொட்டியின் மோட்டார் சத்தம் முதுகெலும்பில் மெல்லக் கேட்டது. அங்கிருந்த முகங்களெல்லாம் தண்ணீருக்கு மேலே நின்று குனிந்து பார்ப்பதாக அவளுக்குத் தெரிந்தது.

வரவேற்பாளர் மேசையைச் சுற்றி ஓடிவந்தாள். இருபத்தைந்து வயதுகூட இருக்காது. "போன்ல பேசினது நீங்கதானா?" என்றவள் முகம் வெளுத்து, கதவைக்கூடத் தட்டாமல் உள்ளே போய் டாக்டரை அழைத்துவந்தாள்.

புது டாக்டர் ஒரு நடுத்தர வயதுப் பெண். தூக்கி நிறுத்துங்கள் என்று சொல்லவில்லை. அவளும் தரையிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்து நாடியைப் பிடித்தாள், காலைத் தூக்கிப் பார்த்தாள், கேள்வி கேட்டாள்.

"இதைத் திடீர்னு நிறுத்தவே கூடாதும்மா. யாரும் உங்ககிட்ட சொல்லலையா?"

"யாரும் என்கிட்ட பேசவே இல்ல டாக்டர்."

டாக்டர் அவள் காலை மெல்லத் தரையில் இறக்கிவைத்தாள். பிறகு, பழைய டாக்டரின் நோயாளிகள் முந்நூறு பேரின் கோப்புகள் ஒரே நாளில் மேசைக்கு வந்ததாகவும், எல்லாருக்கும் ஒரே விதி போட்டது தன் தவறு என்றும் சொன்னாள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை நேரில் பார்ப்பது, இடையில் சீட்டு மருந்துக்கடைக்குத் தானாகப் போவது என்று முடிவாயிற்று. அன்றைக்கான சீட்டு அப்போதே போயிற்று. வரவேற்பாளர் ஒரு காகிதத்தில் நேரடி எண்ணை எழுதிக் கொடுத்தாள். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தாள். டால்பின் மிஸ் அவள் கையை ஒருமுறை அழுத்தினாள். கோபப்படுவதற்கும் தெம்பு வேண்டுமல்லவா.

மருந்துக்கடையிலேயே, கடைக்காரர் நீட்டிய தண்ணீரில் மாத்திரையை விழுங்கினாள். மருந்து வேலைசெய்ய முக்கால் மணி நேரமாகும். வாசல் பெஞ்சில் கணவன் தோளில் சாய்ந்தாள். சைக்கிள்கள் போயின, ஒரு நாய் போயிற்று, வெயில் எதிர்ச் சுவரில் ஒரு செங்கல் அளவு நகர்ந்தது. வீட்டுக்குப் போகலாமா என்று அவன் கேட்டபோது அவள் தூங்கிப்போயிருந்தாள். ஒன்பது நாளில் முதல்முறையாக நல்ல தூக்கம்.