ஏஞ்சலினின் போணிக் கை

ஏஞ்சலின் கைக்கு ராசி உண்டு என்று கண்டுபிடித்தவர் ஜவுளிக்கடை வெள்ளத்துரை. அவளைக் கேட்டால், அந்தக் கண்டுபிடிப்பு நாசமாய்ப் போக என்பாள்.

திருச்சுழிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து தாவீதுராஜுக்கு வாழ்க்கைப்பட்டு அருப்புக்கோட்டைக்கு வந்தவள் அவள். அவன் பந்தல்குடி ரோட்டில் லாரிகளுக்கு லோடு ஏற்றுகிறவன். எண்பத்திரண்டில் வெள்ளத்துரை கடையில் சேலை விரித்துக் காட்டும் வேலைக்குச் சேர்ந்தாள். சேர்ந்த வாரமே ஒரு நாள், கடை திறந்ததும் ஒரு பெரியவருக்குத் துண்டு எடுத்துக் கொடுத்தாள். அன்றைக்கு நரிக்குடியிலிருந்து ஒரு கல்யாணக் கூட்டம் வேன் பிடித்து வந்து அலமாரியையே காலி செய்துவிட்டுப் போனது. கண்மாய் நிறைந்து நெல் விளைந்த வருஷம். கூட்டம் வந்ததில் என்ன ஆச்சரியம்? ஆனால் வெள்ளத்துரைக்கு மழை தெரியவில்லை, ஏஞ்சலின் கைதான் தெரிந்தது.

அன்றிலிருந்து தினமும் போணி அவள் கையால்தான். எட்டு மணிக்குக் கடை திறந்ததும் முதல் துணியை அவள் எடுத்துக் கொடுத்து, முதல் காசை அவள் வாங்கி அவரிடம் தர வேண்டும். அவர் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்ட பிறகுதான் மற்றவர்கள் வியாபாரத்தைத் தொடங்கலாம். "வேதக்காரப் புள்ளதான், ஆனா எங்க கடைக்கு லச்சுமி" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பெருமையடிப்பார்.

எண்பத்தொன்பதில் அந்தக் கைக்கே கேடு வந்தது. விரல் மூட்டுகள் வீங்கின, பிறகு மணிக்கட்டு, பிறகு முழங்கால். விடிந்து எழுந்தால் விரல் மடங்காது. பாவாடை நாடாவைப் பல்லால் இழுத்துக் கட்டினாள். தாவீதுராஜ் தலை பின்னிவிட்டான். மூட்டை தூக்குகிறவன் பின்னிய சடை கோணல்மாணலாகத்தான் இருக்கும், கடையில் சிரித்தார்கள். மதுரைக்குப் போய்க் காட்டியதில் முடக்குவாதம் என்றார்கள். ஆயுசுக்கும் மாத்திரை. காலையில் வெந்நீரில் கையை வைத்து மெல்ல இளக்க வேண்டும், வெயில் ஏறினால் கொஞ்சம் தணியும் என்றார் டாக்டர்.

அவள் கேட்டது ஒன்றும் பெரிய வரமில்லை.

"மொதலாளி, பதினோரு மணிக்கு வாரேன். கடை அடைக்கிற வரைக்கும் நிக்கிறேன். வராத நேரத்துக்குச் சம்பளத்துல புடிச்சுக்கங்க."

வெள்ளத்துரை சிரித்தார். "போணிய யாரு செய்வா?"

"சங்கர் தம்பி செய்யட்டுமே." சங்கர் அவருடைய மகன், கல்யாணமாகிக் கடையிலேயே இருப்பவன்.

"அதெல்லாம் சரிப்படாதும்மா. நீ எங் கூடப்பொறந்தவ மாதிரி. குடும்பத்துக்குள்ள மணிக்கணக்கு பேசுவாகளா?"

கூடப்பிறந்தவளாம்! சொந்தத் தங்கச்சி தலைவலி என்று படுத்தால் காரில் மதுரைக்குக் கூட்டிப்போகிறவர், இந்தத் தங்கச்சியை மட்டும் எட்டு மணிக்கு வந்து நிற்கச் சொன்னார். அவள் மறுபடியும் கேட்டுப் பார்த்தாள். "நச்சரிக்காத. முடிஞ்சா வா, முடியலேன்னா வீட்டுல இரு" என்றார். வீட்டில் இருந்தால் மாத்திரைக்கு வழி? தாவீதுராஜுக்கு லோடு கிடைக்கிற நாளைவிடக் கிடைக்காத நாளே அதிகம். பல்லைக் கடித்துக்கொண்டு போய் வந்தாள்.

தை மாதக் குளிரில் ஒரு நாள், கடை திறக்கும்போதே குமாரலிங்கபுரத்துக் கல்யாண வீட்டார் வந்து உட்கார்ந்திருந்தார்கள். ஏஞ்சலின் மேல்தட்டிலிருந்து முகூர்த்தப் பட்டுச்சேலையை எடுத்தாள். விரல் பிடிகொடுக்கவில்லை, சேலை கீழே விழுந்தது.

"சனியனே! போணி நேரத்துலயா கீழ போடுவ?"

இத்தனை பேர் முன்னால் சனியன். ஏஞ்சலினுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. விரித்திருந்த பாயின் ஓரத்தில் உட்கார்ந்து கைகளை மடியில் வைத்துக்கொண்டாள்.

"இந்தக் கைக்குப் பதினோரு மணிக்குத்தான் உசுரு வரும், மொதலாளி. போணியும் அப்பத்தான்."

சங்கர் சேலையை எடுக்கக் குனிந்தான். "தொடாதலே!" என்று கத்தினார் அப்பா. மகனே ஆனாலும் போணிக்கு முன்னால் தொடக் கூடாது. அவர் பிடித்த பிடி அவரையே பிடித்துக்கொண்டது.

பெண்ணின் அம்மா பொறுமையிழந்தாள். "என்ன அண்ணாச்சி, நாங்க பஸ்ஸுக்குப் போகணும். எடுத்துக் காட்டுவீகளா, பக்கத்துக் கடைக்குப் போகவா?"

முதல் கிராக்கி வெறுங்கையோடு போனால் அன்றைய நாளே பாழ் என்று நம்புகிறவர் வெள்ளத்துரை. அவருக்கு வேர்த்தது. "ஏஞ்சலின், எதா இருந்தாலும் பெறகு பேசிக்கிருவோம்."

"இப்பச் சொல்லுங்க. இவுக முன்னால சொல்லுங்க."

வேலை போய்விடும் என்று அவளுக்குப் பயமாக இருந்தது. போகட்டும், இனிமேல் எழுந்திருக்கப் போவதில்லை என்றும் இருந்தது.

"சரி" என்றார் கடைசியில், வாய்க்குள்ளேயே. "நாளையிலருந்து பதினோரு மணி."

ஏஞ்சலின் எழுந்து, இரண்டு மணிக்கட்டுகளாலும் சேலையை அணைத்துத் தூக்கிப் பெண்ணின் அம்மாவிடம் கொடுத்தாள்.

மறுநாள் வெந்நீரில் கையை இளக்கிக்கொண்டு நிதானமாகக் கிளம்பினாள். ஆனாலும் மனசு உறுத்தியது. போணி ஆகாமல் கடை காற்று வாங்கிக்கொண்டிருக்கும், பாவம் அந்த மனுஷன் என்றுகூடத் தோன்றியது.

கடையில் கால் வைக்க இடமில்லை. சங்கர் சேலைக் குவியலுக்கு நடுவில் நின்றான். "வாங்கக்கா. காலையிலருந்து மூச்சு விட நேரமில்ல."

"போணி?"

"நான்தான். எட்டு மணிக்கே ஆயிருச்சு."

நேராகக் கல்லாவுக்குப் போனாள். "தம்பி கையாலயும் போணி ஆகுதா, மொதலாளி?"

வெள்ளத்துரை தலை நிமிரவில்லை. "எம் புள்ள கை எங் கடைக்கு ராசியில்லாமப் போகுமா?"

கேட்டது கிடைத்தால் கோபம் ஆறிவிடும் என்று நினைத்திருந்தாள். இப்போதுதான் அது தலைக்கேறியது.

"அப்ப நான் அழுதுக்கிட்டே வந்த விடியக்காலமெல்லாம் எதுக்கு?"

சேலை பார்த்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பினார்கள்.

"சத்தம் போடாதம்மா. யாவார நேரம்."

அவள் குரலைத் தாழ்த்தவில்லை. இன்னொரு தடவை கேட்டாள்.