முதல் ப்ளாக்

கடைசல்காரி யார் சொல்லையும் நம்பமாட்டாள். என்ஜின் ப்ளாக்கைக் கொண்டுவருகிறவர் என்ன கதை அளந்தாலும் காதில் போட்டுக்கொள்ளாமல், பிஸ்டன் ஓடும் துளைகளின் சுவர்த் தடிமனைத் தானே அளந்த பிறகுதான், துளையைக் குடைந்து அகலமாக்கும் போரிங் மெஷினில் ஏற்றுவாள். "பெத்த அப்பனே கொண்டுவந்தாலும் அளப்பா" என்று பக்கத்துப் பட்டறை வெல்டர் கேலி செய்வார். அங்கேதான் அவர் கணக்கு தப்பியது.

அவள் அப்பாவிடம் பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று இருந்தது. அந்த வகைக் கார்களில் இரண்டு விதமான ப்ளாக் உண்டு. வெளிப்பார்வைக்கு இரட்டைப் பிள்ளைகள். பெயின்ட் ஒன்று, உயரம் ஒன்று, துளைகளின் அளவும் ஒன்று. முதலில் வந்ததில் துளைச் சுவர்களுக்கு இரும்பை வாரி வழங்கியிருந்தார்கள். துளையை அகலப்படுத்திப் பெரிய பிஸ்டன் போடலாம். அடுத்து வந்ததில் எடை குறைக்கிறேன் பேர்வழி என்று கஞ்சத்தனம் பண்ணிவிட்டார்கள். அதை அந்த அளவுக்குக் குடைந்தால் சுவர் பிய்த்துக்கொண்டு, சுற்றி ஓடும் தண்ணீர் உள்ளே வந்துவிடும். "நம்மது முதல் ப்ளாக்" என்று அப்பா வருவோர் போவோரிடமெல்லாம் மார்தட்டுவார்.

காரை ஓட்ட வேண்டும் என்று அவளுக்குச் சிறுவயதிலிருந்தே வெறி. ஆனால் சாவி அண்ணனிடம் போனது. அவன் ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றாமல் ஓட்டி, துளைகளெல்லாம் கீறிப்போகும்படி என்ஜினைப் பாழாக்கி, இப்போது விற்க ஆளும் பார்த்துவிட்டான். அவள் சண்டைக்கு நின்றாள்.

"அதே என்ஜினோட ஓட்டிக் காட்டினா வண்டி உனக்கு. இல்லேன்னா அவன் வித்துக்கட்டும்" என்றார் அப்பா.

அப்பா சொன்ன முதல் ப்ளாக்தானே என்று, வாழ்க்கையில் முதன்முறையாக அளக்காமல் மெஷினில் ஏற்றினாள். பெரிய பிஸ்டனுக்கான அளவை நெருங்கும்போது மூன்றாவது துளையின் சுவரில் நகக்கீறல் போல ஒரு பிளவு விழுந்தது. வேடிக்கை பார்க்க வந்திருந்த அண்ணன் டார்ச் அடித்துக் குனிந்தான்.

"அப்போ இது ரெண்டாவது ப்ளாக்கா? அப்பாவ எவனோ நல்லா ஏமாத்தியிருக்கான்."

"இத அவர்கிட்ட மூச்சு விட்டே, உன்ன இந்த மெஷின்ல ஏத்திடுவேன்."

"சரிம்மா. வேற ப்ளாக் போட்டா அதே என்ஜின் ஆகாது. ஒத்துக்க, தோத்துட்டே."

"போய் வேலையப் பாரு."

அவன் போன பிறகு ஸ்டூலில் உட்கார்ந்து அழுதாள். கோபம் முழுக்கத் தன் மேல்தான். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு, பிளவை அடைத்து அதே ப்ளாக்கைக் காப்பாற்ற, நான்கு துளைகளுக்கும் உள்ளே செருகும் இரும்புக் குழாய் போன்ற ஸ்லீவ் கடையத் தொடங்கினாள். ப்ளாக்கைச் சூடாக்கி, ஸ்லீவைப் பனிக்கட்டியில் போட்டுச் சுருங்கவைத்து இறக்கினாள். தண்ணீர் ஏற்றிப் பார்த்தால் மூன்றாவது கசிந்தது. "விட்டுத்தொலையேன்" என்று கணவன் கெஞ்சினான். "நீ தூங்கு" என்று சொல்லிவிட்டு, அந்த ஸ்லீவை வெட்டி எடுத்து வேறொன்று கடைந்தாள். அதுவும் கசிந்தது. அடுத்தது பிடித்துக்கொண்டது.

கார் ஷெட்டை விட்டு வெளியே வந்த காலையில் அப்பா வாசலுக்கு நாற்காலி போடச் சொன்னார். என்ஜின் இருமி, முனகி, ஒரே சீராகப் பிடித்தது. அப்பா கண்ணை மூடிக் கேட்டார். முகம் மலர்ந்துபோயிற்று.

"சத்தத்தப் பாரு. முதல் ப்ளாக்குன்னா சும்மாவா?"

அண்ணன் வாயைத் திறந்தான். தங்கை திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். மூடிக்கொண்டான்.

"சும்மாவாப்பா" என்று சொல்லி, வண்டிப் பத்திரத்துக்குக் கையை நீட்டினாள்.