மீசைக்காரன் போஸ்டர்

வெள்ளைக்காரன் ஆண்ட காலம். வெள்ளவத்தையில் எங்கள் வீட்டுக்கு எதிர்ச்சுவரில், ஊர் ஊராகப் போகும் ஒரு மந்திரவாதியின் போஸ்டரை ஒட்டியிருந்தார்கள்.

“மீசையைப் பாருங்கோவன், என்ன வடிவு!” என்றாள் மனைவி.

மீசை என்று சொல்லிக்கொள்ள எனக்கிருந்தது நாலு முடி. வயிறு எரிந்தது. அவள் சந்தைக்குப் போன நேரம் பார்த்து அந்த மீசையைச் சுரண்டத் தொடங்கினேன்.

“நல்லா சுரண்டுங்க தம்பி. எனக்கும் இவன்மேல பொறாமைதான்” என்றது ஒரு குரல். பின்னால் ஒரு மொட்டைத்தலையர், மீசையும் இல்லை.

“உங்களுக்கேன் பொறாமை?”

“இளவயசுல நான்தாங்க இவன்! சனங்க இன்னும் இவனைத்தான் தேடுறாங்க.” சிரித்தபடி அன்றிரவு நிகழ்ச்சிக்கு இரண்டு டிக்கெட்டும் தந்தார்.

மேடையில் அவரைப் பார்த்து மனைவி ஏமாந்துபோவாள் என்று ஆசையோடு காத்திருந்தேன். அவளோ விடாமல் கைதட்டினாள். “மொட்டையும் ஒரு வடிவுதான், என்னப்பா?”

என் அடர்ந்த தலைமுடியைத் தடவிப் பார்த்தேன். அதன்மேல் அவ்வளவு வெறுப்பு எனக்கு அதற்குமுன் வந்ததில்லை.